மூன்று தடவை கேட்க வேண்டும்

எங்கள் ரெட் ஆற்றுக்கு மூளை கிடையாது. இருந்திருந்தால் வடக்கே ஓடுமா? மார்ச் மாதம் தெற்கே பனி உருகி அது கிளம்பும்போது வடக்கே எல்லாம் இன்னும் கெட்டி ஐஸ். மேற்கொண்டு போக வழியில்லை என்று தெரிந்ததும் கரையை விட்டு ஏறி, கண்ட வயலிலும் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். எங்கள் பக்கத்து நிலமோ தோசைக்கல் மாதிரி தட்டை. ஒரு முழம் தண்ணீர் ஏறினால் போதும், அடிவானம் வரைக்கும் ஆறுதான்.

நான் ப்ரிட்டா ஓஸ்ட்பி. படிப்பது ஃபார்கோ நகரக் கல்லூரியில். வீடு அங்கிருந்து அறுபது மைல் வடக்கே, ஆற்றை ஒட்டியே. ஃபார்கோவில் நான் பார்க்கிற தண்ணீர் ஐந்தாம் நாள் எங்கள் வீட்டைத் தாண்டும். முதல் வருடம் வீட்டு ஞாபகம் வந்தால் மற்றப் பெண்கள் போர்வைக்குள் புகுந்து அழுவார்கள். நான் பாலத்தில் நின்று, மிதந்து போகிற கட்டையிடம், "அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு" என்பேன். கட்டை சொல்லியிருக்காது. எங்கள் ஊர்க் கட்டை, அதற்கும் பேச்சு வராது.

இரண்டாம் வருட மார்ச்சில் ஆறு மொத்தமாகப் புத்தி கெட்டுப் போனது. வகுப்புகளை நிறுத்திவிட்டு, எங்களையெல்லாம் மணல் மூட்டை கட்ட அனுப்பினார்கள். என் அறைத்தோழி யெசெனியா நியூ மெக்சிகோப் பாலைவனத்துக்காரி. தண்ணீர் ஓடுகிற ஆற்றையே இங்கே வந்துதான் பார்த்தாளாம். ஆர்வம் தாங்காமல் மூட்டையின் கழுத்துவரை மணலை அள்ளித் திணித்தாள்.

"பாதிதான்டி நிரப்பணும். முழுசா நிரப்பினா கல்லு மாதிரி உருளும், இடுக்கு அடையாது."

"உங்க ஊர்ல எல்லாமே பாதிதானா? பேச்சும் பாதி, மூட்டையும் பாதி."

அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் யாராவது ஏதாவது கொடுத்தால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் வேண்டாம். மூன்றாவது தடவை கேட்டால், "சரி, உங்களுக்காகக் கொஞ்சம்" என்று தட்டை நீட்டலாம். காபிக்கும் இதே சட்டம், உதவிக்கும் இதே சட்டம். இது தெரியாத யெசெனியா நவம்பர் விருந்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, "கடைசித் துண்டு கேக் ஒண்ணு இருக்கு, யாருக்காவது வேணுமா?" என்று அம்மா கேட்டதும், "எனக்கு!" என்று கையைத் தூக்கிவிட்டாள். அப்பாவின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. கிறிஸ்துமஸ் வரைக்கும் அம்மா சர்ச்சில் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். புகார் சொன்னாளா, பெருமைப்பட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஃபார்கோவில் வெள்ளம் உச்சத்தைத் தொட்டது. எங்கள் கரைகள் தாங்கின. ஊரே கட்டிப்பிடித்துக்கொண்டது. நான் போனை எடுத்தேன். லாரி ஓட்டுகிற அப்பா, சாலைகள் மூடியதால் நெப்ராஸ்காவில் மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் அம்மா தனி.

"எப்படிம்மா இருக்கு?"

"அப்படி ஒண்ணும் மோசமில்ல."

"நான் வரட்டுமா?"

"எதுக்குடி? உனக்குப் படிப்பு இருக்கு."

"காலேஜே மூடியாச்சு. வரட்டுமா?"

"அப்ப அங்க இருக்கறவங்களுக்கு ஒத்தாசை பண்ணு. பாவம், அவங்களுக்குத்தான் கஷ்டம்."

இரண்டு தடவை ஆயிற்று. மூன்றாவது தடவை கேட்க வாயைத் திறந்தேன், மூடிவிட்டேன். கோபம். முகம் தெரியாத யார் யார் வீட்டுக்கோ ஐந்து நாள் மூட்டை சுமந்து முதுகு ஒடிந்திருந்தது. பெற்ற மகளை 'வாடி' என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும்? இந்தத் தடவை அவளே கூப்பிடட்டும் என்று நினைத்தேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை பேசினோம். பக்கத்துப் பண்ணை டுவேனின் நாய்க்குக் கால் சுளுக்காம். காற்று மேற்கிலிருந்து அடிக்கிறதாம். அவளும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் யாரையும் கேட்காமல் வடக்கே போய்க்கொண்டிருந்தது.

செவ்வாய் காலை யெசெனியா பொறுமை இழந்து, என் போனைப் பிடுங்கி அம்மாவிடம் தானே பேசினாள். திரும்பி வந்து, "கேட்டுட்டேன். ஒண்ணும் வேணாமாம்" என்றாள்.

"வேற என்ன சொன்னா? ஒரு வார்த்தை விடாம சொல்லு."

"பேஸ்மென்ட்ல முழங்கால் தண்ணியாம். ரெண்டு நாளா பம்பு பக்கத்துலயே படிக்கட்டு மேல நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்களாம். வீட்டைச் சுத்தின மண்கரை வடக்குப் பக்கம் கொஞ்சம் இளகிடுச்சாம். 'இதைவிட மோசமா இருந்திருக்கலாம்'னு சிரிச்சாங்க."

நான் பூட்ஸை மாட்ட ஆரம்பித்தேன். எங்கள் பேச்சில் அந்த வாக்கியத்துக்கு அடுத்த படி சாவுச் செய்திதான்.

"எனக்கு யாருடி அகராதி குடுத்தீங்க?" என்று கத்திக்கொண்டே அவளும் பூட்ஸைத் தேடினாள்.

விடுதியில் ஒன்பது பேரைக் கிளப்பினோம். சர்ச் வேனில் பாதி ஆள், பாதி மூட்டை. வீட்டுக்கு ஒரு மைல் முன்னால் சாலை தண்ணீருக்குள் இறங்கிக் காணாமல் போனது. அங்கே மோட்டார் படகில் டுவேன் உட்கார்ந்திருந்தார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார், என்னவோ கடைக்குப் போகிற வழி மாதிரி. பீட்ரூட் வயல் மேல் நாலு நடை அடித்து எங்களைக் கொண்டு சேர்த்தார்.

வீட்டைச் சுற்றிக் கட்டிய மண்கரையின் மேல், அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு, அம்மா ஒற்றை ஆளாக மண்வெட்டியோடு நின்றாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"நீங்கல்லாம் வந்திருக்க வேண்டாமே" என்றாள். பிறகு, தலைகளை எண்ணிவிட்டுக் காபி போடப் போனாள்.

அன்று இருட்டும் வரைக்கும், மறுநாள் முழுவதும் வேலை. "பாதி! பாதிதான் நிரப்பணும்!" என்று யெசெனியா எல்லோரையும் விரட்டினாள். வியாழக்கிழமை தண்ணீர் மண்கரையைத் தாண்டி மூட்டைகளின் முதல் வரிசையைத் தொட்டது. பிறகு இரண்டாவது வரிசை. நாங்கள் போட்டிருந்தது நாலு வரிசை. மூன்றாவதன் அடியில் வந்து நின்றது. மத்தியானம் வரைக்கும் அங்கேயே இருந்தது. பிறகு ஒரு விரற்கடை இறங்கியது.

மற்றவர்கள் உள்ளே சாப்பிடப் போனார்கள். நானும் அம்மாவும் மட்டும் கரை மேல் இருந்தோம். அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்குப் பொத்துக்கொண்டது.

"வாடின்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிக்குதாம்மா? நாங்க வராம இருந்து, இந்தக் கரை போயிருந்தா? உன்னை எங்க தேடியிருப்பேன்?" சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ரெண்டு தடவைதானே கேட்ட" என்றாள்.

"என்னது?"

"மூணாவது தடவை கேப்பன்னு பாத்தேன். திங்கக்கிழமை கேப்ப, செவ்வாக்கிழமை கேப்பன்னு. பம்புக்காகவா அங்க நாற்காலி போட்டு உக்காந்தேன்? போன் அங்கதானே மாட்டியிருக்கு."

எனக்குச் சிரிப்பதா, அவளைப் பிடித்துத் தண்ணீரில் தள்ளுவதா என்று தெரியவில்லை. வந்து மூன்று நாளாகியிருந்தது. முழங்கால் வரைக்கும் சேறு. எங்கள் வீட்டு வாசல் பத்தடி தூரத்தில் இருந்தது.

"அம்மா, நான் வரட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் ஈரக் கையுறையைக் கழற்றினாள்.

"வாடி" என்றாள்.