ஆசிட்டில் கரையாத வீடுகள்

1. வெள்ளிக்கிழமைக் கழுவல்

ஆசிட்டை ஊற்றியதும் தட்டில் நுரை பொங்கியது. உப்பு விடுகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் லேபில் நான் அட்டெண்டர். எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அதற்கு முன் கொத்தனார். செண்பகத்தோப்பில் பாரஸ்ட்காரர்களுக்கு ஒரு ஷெட் கட்டும்போது சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போயிற்று. ஷெட் மட்டும் ஒரு விரிசல் இல்லாமல் நின்றது. அது கிடக்கட்டும்.

எங்கள் போர்வெல் தண்ணீர் கண்ணாடிச் சாமானில் வெள்ளையாகப் படியும். வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீர் கலந்த ஆசிட் விட்டுக் கழுவுவேன். அன்றைக்கு ஜன்னலோரம் ஒரு தட்டு காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே கொஞ்சம் மணல், மேலே வெள்ளைப் பொடி. மணலைக் கழுவி வைத்திருக்கிறார்கள், நம் தண்ணீரின் உப்பு பூத்துவிட்டது என்று நானே முடிவுகட்டினேன். நுரை அடங்கியதும் அலசினேன். மணல் பளிச்சென்று இருந்தது.

கோதை மேடம் வகுப்பு முடிந்து வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். பாடமும் நடத்தி, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். தட்டை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

“குருசாமி அண்ணே, இத யாரு தொட்டா?”

“நாந்தான் மேடம். உப்பு ஏறிக் கெடந்துச்சு. ஆசிட் விட்டுச் சுத்தமாக்கிட்டேன்.”

“உப்பா? அது அம்புட்டும் ஓடுண்ணே! தூத்துக்குடிக் கடல்ல போட்டுல போயி அள்ளுன சேறு. மூணு மாசமாச் சலிச்சு வச்சது. திங்கக்கெழம என் ஆராய்ச்சிக் கைடு வாராரு. இந்தத் தடவையும் ஒண்ணும் காட்டலன்னா பதிவ ரத்து பண்ணிருவேன்னு எழுதியிருக்காரு.”

சத்தம் கேட்டுத் துறைத் தலைவர் எட்டிப் பார்த்தார். “கொத்துக்கரண்டி புடிச்ச கையில கண்ணாடியக் குடுத்தா இப்படித்தான். யோவ், கடலையே கழுவி ஊத்திட்டியேய்யா!”

2. சென்ட்ரிங்

துறைத் தலைவர் போன பிறகு, மேடத்திடம் மெதுவாகக் கேட்டேன். “அப்படி என்ன மேடம் கரைஞ்சு போச்சு?”

மேடம் என்னைத் திட்டியிருக்கலாம்; திட்டவில்லை. புத்தகத்தை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். சுருள் சுருளாக, அறை அறையாக ஒரு ஓடு.

“ஃபோரம்னு ஒரு உசுருண்ணே. ஒடம்பே ஒரே ஒரு செல்லுதான். கையுமில்ல, கண்ணுமில்ல. கடத்தண்ணியில கரைஞ்சு கெடக்க சுண்ணாம்ப எடுத்துச் சொவரு எழுப்பும். வளர வளர எடம் பத்தாதுல்ல? பழச இடிக்காது. ஒட்டுனாப்புல இன்னொரு அறை, முன்னதவிடப் பெருசா. நடுவுல போக வர வழியும் விட்ரும்.”

“ஒரு புடிமானம் இல்லாம சொவரு எப்படி மேடம் நிக்கும்?”

“மொதல்ல மெல்லிசா ஒரு சவ்வ விரிக்கும். அதுமேலதான் சுண்ணாம்பு படியும்.”

“சென்ட்ரிங் அடிக்குதா!” என்று கத்திவிட்டேன். காங்கிரீட் இறுகும்வரை தாங்க நாங்கள் அடிக்கிற பலகைக்கு அதுதான் பெயர். மேடத்துக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. மணல் பருமன் உள்ள ஒன்று, பலகையும் ஆணியும் இல்லாமல் சென்ட்ரிங் அடிக்கிறது. நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்தாலும் ஒரு நாளில் முடிக்க மாட்டோம்.

“மிச்சத்த நான் ஒருக்கா பாக்கட்டுமா?”

“மண்ணுதாண்ணே இருக்கு. பாருங்க.”

பார்த்தேன். மணல்தான். ஆனால் இடையிடையே சில உருண்டைகளும் நீண்ட குச்சிகளும் கிடந்தன. எதுவும் தானாகச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. பெரிய மணல் மணிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சந்துகளில் பொடிசு பொடிசாகத் தேடிச் செருகி அடைத்திருந்தது. வெளிப்பக்கம் மட்டம் தவறவில்லை.

“மேடம், இது தானா ஒட்டுனதில்ல. கட்டுவேல.”

“தள்ளுங்க, தள்ளுங்க!” அவர் குனிந்தார். தட்டை மெதுவாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு, “இதுவும் அந்த ஜாதிதாண்ணே. சுண்ணாம்புல கட்டாம, நூலாட்டம் கால நீட்டி மணலாப் பொறுக்கி, தன் பசையால ஒட்டுற வகை. அந்தப் பசை ஆசிட்டுல கரையாது. ஒண்ணு ரெண்டுதான் இருக்கும்னு நெனச்சேன். எம்புட்டு கெடக்கு! வெள்ளை ஓடுங்களுக்கு நடுவுல மறைஞ்சுல்ல இருந்திருக்கு.”

ஒரு செல். எந்த மணியை எடுப்பது, எதை விடுவது என்று அதற்கு யார் சொன்னது?  மறுபடியும் குனிந்து பார்த்தேன்.

3. கைடு

சனி, ஞாயிறு இரண்டு நாளும் லேபைத் திறந்து வைத்தேன். மேடம் நனைத்த பிரஷ் நுனியால் ஒவ்வொன்றாக எடுத்து ஸ்லைடில் அடுக்கினார்.

திங்கட்கிழமை கைடு பார்த்தார். நரைத்த மனிதர், முகத்தில் எதுவும் காட்டாதவர். “இவ்வளவு சுத்தமா எப்படிப் பிரிச்சீங்க?” என்றார்.

‘நாந்தான் யோசிச்சேன் சார்’ என்று மேடம் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியாது. “எங்க அட்டெண்டர் தெரியாம ஆசிட் ஊத்திட்டாரு சார். இது கட்டுவேலன்னு சொன்னதும் அவருதான்.”

கைடு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “பதிவ ரத்து பண்ணல. புதுச் சேறு எடுத்துட்டு வாங்க. ரெண்டா பங்கு போட்டு, ஒரு பங்குக்கு மட்டும் ஆசிட் விட்டுப் பாருங்க. அப்பத்தான் ரெண்டு வகையும் தெரியும்.”

புதுச் சேறு வந்தது. சலித்து, காயவைத்து, இரண்டு தட்டாகப் பிரித்தோம். மைக்ராஸ்கோப்பில் முதல் முறையாக வெள்ளை ஓடுகளைப் பார்த்தேன். சங்கு போல, சக்கரம் போல, பின்னின சடை போல. ஒவ்வொன்றிலும் அறை, அறைக்கு வழி.

மேடம் ஆசிட் பாட்டிலை நீட்டினார். “விடுங்கண்ணே.”

“நீங்களே விடுங்க மேடம். எனக்குக் கை வரல.”

அவர்தான் விட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, விடாத தட்டை மூடி அலமாரியில் வைத்தேன். அதற்குப் பிறகு எதைக் கழுவும் முன்பும், ‘இதைக் கட்டினது யார்?’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்வேன்.