கம்போடியாப் பிள்ளைக்காக மாதப்பன் மலையில் மொட்டை

வெள்ளிக்கிழமை காலை. ஆங்கில வகுப்பு ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த தேவி அப்படியே மேசைமேல் சாய்ந்துவிட்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து எழுப்பப் போனேன். கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அன்று அவளைப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னதே நான்தான்.

மாதப்பன் சாமியின் மலைக்கு நடந்து வரும் உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். மைசூர் ஹெப்பாளில் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் பேசப் பழக்குவது என் வேலை. அப்பா இல்லை. வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மா பிறந்தது மலைக்குப் போகும் வழியில் இருக்கும் கௌதள்ளி. போன வருடம் ஆறு மாதம் லீவு போட்டுவிட்டுக் கம்போடியாவில் நெல்வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் போனேன். சம்பளம் கிடையாது. சாப்பாடும் தங்க இடமும் தருவார்கள்.

"ஏங் கண்ணு, இங்கிலீசு சொல்லிக்குடுக்க நம்மூருல புள்ளைங்களே இல்லியாக்கும்? கடலத் தாண்டித்தான் போவோணுமா?" என்று அம்மா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மலைத் திருநீற்றை ஒரு டப்பா நிறையக் கொடுத்து அனுப்பினார்.

அங்கே பெண் ஆசிரியரை 'நெக் குரு' என்று கூப்பிடுவார்கள். குரு அங்கேயும் குருதான் என்று எனக்கு ஒரே பெருமை. அந்த ஊரில் மொட்டை அடித்த பெண்கள் இரண்டு மூன்று பேரைப் பார்த்தேன். நம் ஊர் வழக்கம் இங்கேயும் இருக்கிறதே, ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எதிரே வந்த ஒரு பெண்ணைப் பார்த்து, 'நினைத்தது நடந்ததா?' என்கிற பாவனையில் சிரித்துக் கும்பிடு வேறு போட்டேன். அவர் பதிலுக்குச் சிரிக்கவில்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

தேவிக்கு ஒன்பது வயது. பெயரைக் கேட்டதுமே ஒட்டிக்கொண்டுவிட்டேன். பாடம் முடிந்ததும் என் பின்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வருவாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி எனக்கு. கம்பெனி பஸ்ஸில் ஏறினால் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அந்த முடிதான் என் திமிர்.

திங்கட்கிழமை தேவிக்கு ஜுரம் அடித்தது. அவள் அம்மா போபா, மருத்துவமனைக்குக் கூட்டிப் போகலாமா என்று சைகையில் கேட்டாள். ஊரைச் சுற்றி மழைத்தண்ணீர். மருத்துவமனையோ தூரம். "சாதா ஜுரம்தான்" என்று சொல்லி, மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். நெற்றியில் திருநீறு பூசினேன். வியாழக்கிழமை ஜுரம் சுத்தமாக விட்டுவிட்டது. "பார்த்தாயா எங்கள் மாதப்பனை! நாளைக்குப் பள்ளிக்கு அனுப்பு" என்றேன். அவரை ஏதோ என் சட்டைப் பையில் வைத்திருப்பது போன்ற பேச்சு.

மறுநாள்தான் பிள்ளை சாய்ந்தாள்.

மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வண்டி ஒன்றில் தூக்கிப் போட்டுக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே போனோம். டெங்கு என்றார் டாக்டர். ஜுரம் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்து, உடம்பில் இருக்கும் நீர் ரத்தக் குழாயை விட்டு வெளியே கசியும், சிறுநீர் போகிறாளா என்று பாருங்கள், நாளை மதியம் தாண்டினால் பிழைத்துவிடுவாள் என்றார். தாண்டினால் என்ற வார்த்தையை அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு இடி விழுந்தது போல இருந்தது.

போபா குழந்தையின் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நடுவில் நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அந்தச் சாம்பலை இன்னொரு முறை பூசு என்கிறாள். என் கை எழவில்லை. வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதேன்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "அம்மா, நம்ம சாமிகிட்ட இவங்க புள்ளைக்கு வேண்டிக்கலாமா?"

"வேண்டிக்கோ சாமி. மாதப்பன் என்ன பாஸ்போட்டா கேக்கறான்?" என்றார். பிறகு, "அந்தப் பின்னலைப் புடிச்சுக்கிட்டு நடக்குமே, அந்தப் புள்ளையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போனை வைத்துவிட்டார்.

எதிர்க் கடையில் மஞ்சள் தூள் வாங்கிக் கைக்குட்டையில் குழைத்துத் தடவி, பர்ஸில் கிடந்த நம் ஊர் ஒரு ரூபாய்க் காசை அதில் வைத்து முடிந்தேன். தேங்காய் உடைக்கிறேன் மாதப்பா என்றேன். மனம் ஆறவில்லை. வெள்ளியில் கண்மலர் சாத்துகிறேன் என்றேன். அப்போதும் ஆறவில்லை. இதென்ன, மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் நின்று பேரம் பேசுவது போல என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. கை தானாகப் பின்னலுக்குப் போனது. 'அப்பா, இது அவள் பிடித்து நடந்த முடி. எடுத்துக்கொள். உன்னால் ஆயிற்று என்று பீற்றிக்கொண்ட வாய் இது. இனி பீற்றமாட்டேன். பிள்ளையை மட்டும் கொடுத்துவிடு.' அவ்வளவுதான் வேண்டினேன். அப்புறம் உள்ளே போய் போபா கேட்டபடி, கைப்பையில் இருந்த திருநீற்றைப் பூசினேன். காசு முடிந்த துணியைக் கட்டில் காலில் கட்டினேன்.

மறுநாள் காலையும் அவள் கண் திறக்கவில்லை. பாட்டில் பாட்டிலாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பத்து மணி. பதினொன்று. பன்னிரண்டு. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

திடீரென்று போபா சத்தம் போட்டாள். பதறிக்கொண்டு ஓடினேன். அழுதுகொண்டே சிரிக்கிறாள், படுக்கையைக் காட்டுகிறாள். படுக்கை முழுக்க நனைந்திருந்தது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினார். ஒரு பிள்ளை மூத்திரம் போனதற்காக உலகத்தில் இரண்டு பெண்கள் அப்படிக் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்களா, தெரியாது. சாயங்காலம் தேவி கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள்.

தீபாவளி சமயத்தில் ஊர் திரும்பினேன். அம்மாவும் நானும் கௌதள்ளியிலிருந்து மலைக்கு நடந்தோம். முழங்கால் வலிக்காரி, வழியெல்லாம் ஒரு முறைகூட 'அப்பாடா' என்று சொல்லவில்லை. முடி இறக்கும் இடத்தில் நான் உட்கார்ந்ததும் பக்கத்துப் பலகையில் அவரும் உட்கார்ந்தார்.

"நீ எதுக்கும்மா?"

"அன்னிக்குப் போனை வெச்சதுமே நானும் வேண்டிக்கிட்டேன். உன்னொருத்தியுது பத்துமோ பத்தாதோன்னு ஒரு பயந்தான். என்னுது நரைச்ச முடி, கொஞ்சந்தான். அவன் ஒண்ணுஞ் சொல்லமாட்டான்."

முகத்தைக்கூடப் பார்த்திராத பிள்ளைக்காக!

குளித்து, தரிசனம் முடித்து வெளியே வந்ததும் பள்ளிக்கு வீடியோ போன் போட்டேன். அன்று பேசுவதாகப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். திரையில் என்னைப் பார்த்ததும் வகுப்பே அடங்கிவிட்டது. தேவி முன்னால் வந்தாள். கண் நிறைந்துவிட்டது. நான் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில் கேட்டாள்: "டீச்சர், யார் இறந்துட்டாங்க? உங்க அம்மாவா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே பெண்கள் மொட்டை அடிப்பது நெருங்கியவர் யாராவது இறந்துபோனால். அன்று நான் சிரித்துக் கும்பிட்ட அந்தப் பெண்ணின் முகம் கண்முன் வந்து நின்றது. கூனிக் குறுகிப் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல் அம்மாவைத் திரைக்குள் இழுத்தேன். அங்கேயும் ஒரு மொட்டை! தேவி இன்னும் மிரண்டுவிட்டாள்.

"என்ன கேக்குது புள்ளை?" என்றார் அம்மா. சொன்னேன். தலையைத் தடவிக்கொண்டு அம்மா சிரித்தார்.

"யாரும் சாவலைன்னு சொல்லு கண்ணு. அதுக்குத்தான் இதுன்னு சொல்லு."

ஆங்கிலத்தில் அதை அப்படியே சொன்னேன். தேவி கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் நெஞ்சில் கை வைத்து, "எனக்காகவா?" என்றாள். அம்மாவுக்கு அதை நான் மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை. "உனக்குத்தான் சாமி, உனக்குத்தான்" என்று தமிழிலேயே பதில் சொன்னார்.

இப்போது முடி காதுவரை வளர்ந்திருக்கிறது. கம்பெனி பஸ்ஸில் யாராவது தயங்கித் தயங்கிக் கேட்டால் இந்தக் கதை முழுவதையும் சொல்கிறேன். இறங்கும் இடம் வந்தாலும் விடுவதில்லை. அன்றிலிருந்து என் வேண்டுதலில் பேரமும் இல்லை, பீற்றலும் இல்லை. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு கட்டில் ஓரம் யாராவது காலைத் தேய்த்துக்கொண்டிருக்கலாம். ஜுரம் என்றால் முதலில் டாக்டரிடம் ஓடுங்கள். திருநீற்றை வண்டியில் போகும்போது பூசிக்கொள்ளலாம், மாதப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார். பிறகு அவரிடம் கேளுங்கள். தேங்காயில் ஆரம்பித்தாலும் பரவாயில்லை. உங்களுடையது எதுவோ அதில் உங்கள் கை போய் நிற்கும்வரை மாதப்பன் காத்திருப்பார். எனக்காகக் காத்திருந்தார். மலை ஏறும்போது நாம் போடும் கோஷத்தோடு முடிக்கிறேன்: உகே மாதப்பா!