குழாயடித் தண்ணீர்

எனக்கு எழுபத்தாறு வயது. நான் பெற்றது ஐந்து, தங்கை விட்டுப்போனது ஒன்று, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஒருத்தரும் சோடை போகவில்லை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தாலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு வகுப்பில் தமிழ் கற்றவள்.

எங்கள் தங்கச் சுரங்கத்து ஊரான மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு மகள் வீட்டுக்குப் போனால், இவள் என்னை முதலில் இழுத்துப்போவது பூங்காவுக்குத்தான். அங்கே ஒரு இடத்தில் தரையிலிருந்தே தண்ணீர் பீச்சியடிக்கும். ஸ்பிளாஷ் பேட் என்கிறார்கள். பிள்ளைகள் நடுவில் நின்று கத்துவார்கள். நான் செருப்பைக் கழற்றிக் காலை நனைத்துவிட்டு பெஞ்சில் உட்காருவேன்.

போன முறை தண்ணீர் பட்டென்று நின்றது. நான் எழுந்துவிட்டேன்.

“இன்னா ஆயா, பயந்துட்டியா? டைமர்தான். திரும்ப வரும், குந்து” என்று சிரித்தாள்.

எங்கள் தண்ணீருக்கு டைமர் கிடையாது.

நான் சிறுமியாக இருந்தபோது சுரங்கத் தொழிலாளிகளுக்கான எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால், சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் இருந்தது. சுரங்கத்தின் அடியில் ஊறும் தண்ணீரைப் பம்பு மேலே தள்ளும். அது ஒரு பெரிய குழாய் வழியாக வாய்க்காலில் விழும். கீழே அந்தப் பம்பைப் பார்த்துக்கொள்வதுதான் என் அப்பாவின் வேலை. பம்பு நின்றால் கீழே வெள்ளம் ஏறும். இது எனக்கும் தெரியும், வாய்ப்பாடு தெரிகிற மாதிரி.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். அடியில் நின்றால் முதுகில் மொத்து மொத்தென்று அடிக்கும். மற்ற அம்மாக்கள் சொறி பிடிக்கும் என்று பிள்ளைகளை விடமாட்டார்கள். என் அம்மா சில நாள் தானே சோப்பைக் கையில் கொடுத்து அனுப்புவாள். திரும்பியதும், “தண்ணி நல்லா அடிச்சுதா?” என்று கேட்பாள். சில நாள் நான் கெஞ்சினாலும், “வேணாம், ஒடம்பெல்லாம் அரிக்கும்” என்று கதவைச் சாத்திவிடுவாள். அம்மாவின் குணம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் தலையெல்லாம் சோப்பு நுரையாக நிற்கும்போது தண்ணீர் மெலிந்தது. பிறகு சொட்டியது. பிறகு அதுவும் இல்லை. கோபத்தோடு வீட்டுக்கு ஓடினேன்.

“எம்மா, தண்ணிய நிறுத்திட்டாங்க! சோப்புகூட போவல!”

அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு ஷாஃப்டுக்கு ஓடினாள். கண் எரிய எரிய நானும் பின்னால் ஓடினேன்.

அங்கே பெண்கள் கூடிவிட்டார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்தது. இறங்கியவர்களில் அப்பா இல்லை. அம்மா ஒருவரைப் பிடித்துக் கேட்டாள். “பம்பாண்டதான் கீறாரு. எங்களை முன்ன போவச் சொன்னாரு” என்றார். கேஜ் மறுபடி இறங்கியது. அது வரும்வரை அம்மாவின் உதடு மட்டும் அசைந்தது. ஜெபம் என்று தெரிந்தது.

கேஜ் வந்தது. அப்பா மார்பு வரை நனைந்து வெளியே வந்தார்.

நான் முன்னால் போய் நின்றேன். “இன்னா நைனா, ஏன் தண்ணிய நிறுத்தினே? கண்ணெல்லாம் எரியுது!”

அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அப்பாவும் சிரித்தார். “பம்பு மக்கர் பண்ணிச்சு கண்ணு. நாளைக்கு ஒனக்கும் சேத்து அடிக்கச் சொல்றேன்.”

அம்மா சிரிக்கவில்லை. முந்தானையால் என் கண்ணை அழுத்தித் துடைத்தாள். அப்பாவைப் பார்க்காமலே, “களி அடி புடிச்சிருக்கும்” என்று சொல்லி நடந்தாள்.

பம்பைச் சரி செய்தபின் அம்மா மறுபடியும் சோப்பைக் கொடுத்து அனுப்பினாள். லைனிலேயே என் அம்மாவுக்குத்தான் பிள்ளை மேல் பிரியம் அதிகம் என்று மற்ற பிள்ளைகளிடம் பெருமை பேசினேன்.

அவள் அனுப்பியதெல்லாம் அப்பா கீழே இறங்கிய நாட்களில் மட்டும்தான் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. கல்யாணமாகி, என் வீட்டுக்காரர் ஷிஃப்டுக்கு இறங்கிய முதல் வாரமே புரிந்துவிட்டது. என் மூத்தவள் நடக்கப் பழகியதும், அவள் கையிலும் சோப்பைக் கொடுத்து நானே குழாயடிக்குக் கூட்டிப்போனேன்.

எழுதினது போதும்டி. எங்கே, படி கேட்போம். எங்கப்பா மேலே வர்ற இடத்தை மட்டும் நிதானமாப் படி.