சாயிரா பானு காட்டிய கடல்

சாயிரா பானுவைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு வெள்ளியங்கிரி மேல்தான் முதலில் கோபம் வரும். வரட்டும். அந்த ஆளையும் சேர்த்தே சொல்கிறேன்.

சாயிரா கடலோரத்துக் கீழக்கரைக்காரி. கல்யாணமாகி வந்து, வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மெஷினில் காலர் தைத்தாள். தொண்ணூற்று மூன்றில் பனியன் வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர், தண்ணீருக்குள் படம் எடுக்கும் கேமரா ஒன்றை விட்டுப்போனார். மேனேஜரிடம் கேட்டு அதை வாங்கிக்கொண்டாள். பெருநாள் லீவு முடிந்து வந்தவள் மெஷின் மேல் படங்களைப் பரப்பினாள். கோடு போட்ட மீன்கள், ஆடுகிற பாசி, பாறையடியில் ஒரு நட்சத்திர மீன்.

“கடலுன்னா பயம்கிறீங்களே, உள்ள இதுதான் இருக்கு. நீச்சல் பழகுங்க, கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்” என்றாள்.

ஆறு பேர் சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில், கம்பெனிக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளியங்கிரியின் தோட்டத்துக் கிணறு. லாரி டியூபை இடுப்பில் மாட்டி, நைட்டியோடு இறக்கிவிடுவாள். நாற்பது வயதில் நான் மிதந்தேன். என் உடம்பு எனக்கே கனக்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

அது பொறுக்குமா? வெள்ளியங்கிரி தோட்டத்தில் பாதியைச் சாயப்பட்டறைக்கு வாடகைக்கு விட்டார். கழிவெல்லாம் கிணற்றோரக் குழியில் தேங்கியது. சில மாதத்தில் கிணறு சிவந்துபோனது. எங்கள் ஆறு பேரில் ஒருத்தியான சுப்பாத்தாள் உடம்பெல்லாம் தடித்து, வாரக்கணக்கில் சொறிந்தாள். சாயிரா நேராகப் போய்க் கேட்டாள்.

“ஏனுங்க, இத்தனை பொம்பளைங்க நீச்சல் பழகுற தண்ணீங்க இது.”

“என்ர கெணறு, என்ர காடு. பொம்பளைங்களுக்கு எதுக்கம்மணி நீச்சலு? போய் காலரத் தெய்யி.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான் நாலு வார்த்தை கேட்டேன். மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், மகராசன்.

சாயிரா விடவில்லை. “பழகின வரைக்கும் போதும், வாங்க” என்று பொங்கல் லீவில் எங்களைக் கீழக்கரைக்கு இழுத்துப்போனாள். முழங்கால் ஆழத்தில் நின்று கூப்பிட்டாள். ஒருத்தியும் நகரவில்லை. கடல் பச்சையும் நீலமுமாகக் கிடந்தது.

“இது எந்தப் பட்டறைத் தண்ணி சாயிரா?” என்றாள் சுப்பாத்தாள். அவள் கேலி பண்ணவில்லை. கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றாள்.

சாயிராவின் முகம் செத்துப்போனது. ஒரு வருஷப் பாடு! சாயம் போகிறதா என்று பார்க்க கம்பெனியில் என்ன செய்வோமோ, அதையே செய்தேன். பையில் கிடந்த வெள்ளை பனியன் வேஸ்ட் துண்டைக் கடலில் முக்கி, கசக்கிப் பிழிந்து, சுப்பாத்தாள் முன்னால் விரித்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சேலையைச் சொருகிக்கொண்டு, சாயிராவின் கையைப் பிடித்தபடி இறங்கினாள். பின்னாலேயே எல்லோரும் இறங்கினோம். சாயிரா முங்கி, தண்ணீருக்குள் எங்கள் கால்களைப் படம் பிடித்தாள்.

ஊர் திரும்பியதும் அதே துணியை அந்தக் கிணற்றில் முக்கி, சொட்டச் சொட்ட வெள்ளியங்கிரி வீட்டு வாசலில் போட்டேன்.

“கடல்ல முக்குனப்ப இது வெள்ளையா இருந்துச்சுங்க. உங்க தண்ணியப் பாருங்க!”

அவர் சம்சாரம் வேலாத்தாள் அதை எடுக்கக் குனிந்தார்.

“தொடாத புள்ள, கையி வெந்துரும்!” என்று கத்தினார் வெள்ளியங்கிரி.