தாளை யார் திருப்பினது?

இதை நம்புங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. நம்பாவிட்டால் உங்கள் இஷ்டம். பேய் என்றால் இருட்டு வேண்டும், பாழடைந்த பங்களா வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று நினைப்பவர்கள் வேறு இடம் பார்க்கலாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில். டியூப்லைட் எரிய, ஏ.சி. ஓட, கண்ணாடி ஜன்னலில் வெயில் அடிக்க... அப்போதுதான் நடந்தது.

நான் பிளாஸ்டிக் சர்ஜன். எங்கள் பரம்பரையிலேயே முதல் டிகிரி என்னுடையது. அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். அம்மாவுக்கு என் வேலை இன்னும் பிடிபடவில்லை. "ஊருக்கெல்லாம் மூஞ்சி தச்சுக் குடுக்கறியே, உன் மூஞ்சியில ஒரு சிரிப்பைத் தச்சுக்கக் கூடாதா" என்பாள்.

சிரிப்பு எங்கிருந்து வரும்?

எங்கள் மருத்துவமனையில் கீழ்த்தளம் அழகுக்கு. சுருக்கம் எடுப்பது, உதட்டை எடுப்பாக்குவது, மூக்கைக் கூராக்குவது. மேல்தளம் விபத்தில், தீயில், நோயில் முகத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு. நான் ராப்பகலாகப் படித்தது மேல்தளத்துக்காக. ஆனால் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியும் சீஃப் என் கையில் கத்தியைக் கொடுக்கவில்லை. தோலை விலக்கும் கொக்கியைப் பிடி, ரத்தத்தைத் துடை, வாயை மூடு. எனக்குப் பிறகு வந்த அவருடைய மருமகன் வந்த சூட்டோடு தனியாக ஆபரேஷன் செய்தான். நான் கேட்டால் மட்டும், "உனக்கு இன்னும் கை பழகணும்மா" என்பார். காற்றிலா பழகும் கை?

ஒருவழியாக ஒரு கேஸ் வந்தது. பள்ளி வேன் ஓட்டுகிற அக்கா. நாய் கடித்து மூக்கின் இடது பாதி போயிருந்தது. மருமகன் ஊரில் இல்லை. "நான் பக்கத்துல நிக்கறேன், நீ பண்ணு" என்றார் சீஃப், ஏதோ சொத்தை எழுதிக் கொடுப்பவர் மாதிரி. இதில் சொதப்பினால் ஆயுசுக்கும் கொக்கிதான் என்று எனக்குத் தெரியும். அந்த அக்காவின் நிலைமை அதைவிட மோசம். அவளுக்கு இருப்பது ஒரே ஒரு முகம்.

இந்த ஆபரேஷனைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெற்றித் தோலில் ஒரு பட்டையை அடியோடு அறுக்காமல் வெட்டி, கீழே திருப்பி மூக்கில் தைப்போம். என்ன வடிவத்தில் வெட்டுவது? தையல் நூல் பாக்கெட்டில் ஓர் அலுமினியத் தாள் வரும். அதை மூக்கின் நல்ல பக்கத்தில் அமுக்கி அச்செடுப்போம். நல்லது வலது, போனது இடது. அதனால் தாளைப் புரட்டிப் போட்டுத்தான் வரைய வேண்டும். செருப்பு மாதிரிதான். வலது காலுக்கானது இடது காலுக்கு ஆகாது.

அன்று மதியம் அந்த அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் மருந்து தடவியிருந்ததால் கண்களின் மேல் ஈரப் பஞ்சு. தாளைக்கூட என்னிடம் விடாமல் சீஃப்தான் வெட்டினார். பளபளக்கும் பக்கம் மேலே தெரியும்படி தட்டில் வைத்தார்.

"இப்படியே வச்சு வரஞ்சிடு. யோசிக்காத."

கீழ்த்தளத்தில் யாரோ பெரிய இடத்து அம்மா சுருக்கத்தோடு காத்திருந்தாள். போய்விட்டார். அறையில் நானும் நர்ஸ் சிஸ்டரும் அந்த அக்காவும்தான்.

யோசிக்காத. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஒரு வார்த்தையை மென்றுகொண்டிருந்ததில் தாளை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. வரைகிற பேனாவை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினேன்.

டிக்.

தட்டில் நகம் பட்டது போல ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தால் தாள் புரண்டு கிடந்தது. மங்கலான பக்கம் மேலே.

"சிஸ்டர், தாளைத் தொட்டீங்களா?"

"நான் எதுக்கும்மா தொடறேன். குழாய்ல கை கழுவிட்டிருக்கேன்."

உண்மைதான். அவர் அறையின் அந்தக் கோடியில் நின்றார். ஏ.சி. காற்றாக இருக்கும். தாளை மறுபடி பளபளப்பாகத் திருப்பி வைத்தேன். பேனா மூடியைக் கழற்றினேன்.

டிக்.

மங்கல்.

ஏ.சி.யை நிறுத்தினேன். தாளைத் திருப்பி, அதன் மேல் கத்தரிக்கோலைப் பாரமாக வைத்தேன். கனமான கத்தரிக்கோல். அப்போது அந்த அக்கா பேசினாள்.

"டாக்டர், கிளவுஸ் போடலையா? விரல் ஜில்லுன்னு இருக்கு."

"எந்த விரல்?"

"நெத்தியில வச்சிருக்கீங்களே... அளவெடுக்கறீங்கன்னு நெனச்சேன்."

நான் அவளிடமிருந்து நான்கடி தள்ளி நின்றேன்.

டிக்.

கத்தரிக்கோல் தட்டின் ஓரத்தில் இருந்தது. தாள் புரண்டிருந்தது.

தாளை எடுத்தேன். அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். மங்கலான பக்கம்தான் இடது மூக்கு. சீஃப் வைத்தபடி வரைந்திருந்தால், வலது மூக்கின் வடிவத்தில் வெட்டி இடதில் தைத்திருப்பேன். கோணல் மூக்கோடு அவள் காலம் தள்ள வேண்டியிருக்கும். நெற்றித் தோலும் வீண்.

மங்கலான பக்கத்தை வைத்து வரைந்தேன்.

சீஃப் திரும்பி வந்தார். தாளைப் பார்த்தார். நெற்றியில் கோட்டைப் பார்த்தார்.

"யார் திருப்பினது?"

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். குரல் உள்ளே போயிருந்தது.

"நான்தான் சார்."

"நீயா... சரி. நீயே பண்ணிடு."

பக்கத்தில் நிற்கிறேன் என்றவர் தியேட்டருக்குள் காலே வைக்கவில்லை. தப்பு அம்பலமான கடுப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல ஒரு மூக்கு.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

மறுநாள் மதியம் கட்டுப் பிரித்தேன். அறையில் நானும் அவளும் மட்டும். புது மூக்கில் ரத்தம் ஓடுகிறதா என்று விரலால் அமுக்கிப் பார்ப்போம். அமுக்கினால் வெளுக்கும். விட்டால் சிவக்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தத் தோலின் நரம்பு இன்னும் நெற்றியோடுதான் இருக்கிறது. மூக்கைத் தொட்டால் நெற்றியைத் தொட்டது போலத்தான் தெரியும்.

"கண்ண மூடிக்கங்க. எங்க தொடறேன்னு சொல்லுங்க."

அவள் மூடிக்கொண்டாள். நான் பஞ்சு எடுக்கக் கையை நீட்டினேன்.

"நெத்தி" என்றாள்.

"நான் இன்னும் தொடலக்கா."

"தொட்டீங்களே. இதோ... இப்பவும்."

பார்த்தேன்.

மூக்கு நுனியில் ஒரு சின்ன வட்டம்... வெளுத்தது. பட்டாணி அளவு. நடுவில் லேசாகக் குழிந்தது. யாரோ அமுக்குவது போல.

மெல்லச் சிவந்தது.

மறுபடி வெளுத்தது.

சிவந்தது.

என் இரண்டு கையும் என் கண் முன்னால் இருந்தன.

மூன்றாவது முறை... வெளுத்தது.

சிவந்தது.

அவ்வளவுதான். நின்றுவிட்டது.

"நல்லாருக்கா டாக்டர்?" என்றாள் அந்த அக்கா.

"நல்லாருக்கு" என்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. என்ன சொல்ல? ஏற்கெனவே கை பழகாதவள். மூளையும் சரியில்லை என்று எழுதிவிடுவார்கள். ஒரு வாரம் கழித்து டீ குடிக்கும்போது, தாள் விஷயத்தை மட்டும் சிஸ்டரிடம் ஆரம்பித்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்களுக்கு முன்னாடி உங்க இடத்துல ஒரு பொண்ணு இருந்துச்சும்மா. இதே ஆபரேஷன். சார்தான் தாளை வெட்டிக் குடுத்தாரு. சொன்னபடி வரஞ்சுது. மூக்கு கோணிப்போச்சு. 'நான் சரியாத்தான் குடுத்தேன், அவதான் திருப்பிட்டா'ன்னு சார் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு."

"இப்ப அவங்க எங்க?"

"அன்னைக்கு வீட்டுக்குக் கெளம்பினவ போய்ச் சேரல. ரோட்டுல லாரி." சிஸ்டர் கோப்பையைத் தள்ளி வைத்தார். "தங்கமான பொண்ணு. எவ்வளவு வேலை இருந்தாலும் தச்ச இடத்தை மூணு தடவை அமுக்கிப் பாத்துட்டுத்தான் போவா. அதுவும் சுண்டு விரலால. ஏன்டி சுண்டு விரல்னா, அதுதான் சிஸ்டர் வலிக்காதும்பா."

நான் அமுக்குவது ஆள்காட்டி விரலால்.

அந்தச் சின்ன வெள்ளை வட்டத்தைப் பற்றி நான் சிஸ்டரிடம் வாயே திறந்திருக்கவில்லை.

இப்போது மேல்தளத்தில் கத்தி என் கையில்தான். தாளை இன்றும் சீஃப்தான் வெட்டித் தருகிறார். ஆனால் கீழே ஓடுவதில்லை. யார் காத்திருந்தாலும் ஓடுவதில்லை. தட்டில் வைத்துவிட்டு அங்கேயே நிற்கிறார். நானும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"வரையட்டுமா சார்?" என்பேன்.

"கொஞ்சம் இரும்மா" என்பார்... தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.