பெரியம்மாவின் முள்வாங்கி

கண்ணை இமை காப்பது போல என்பார்கள். என் பெரியம்மா விஷயத்தில் அந்த இமையேதான் எதிரி. அவள் இமைமுடிகள் உள்பக்கமாக வளர்ந்து கருவிழியைக் குத்திக்கொண்டே இருக்கும். எந்நேரமும் கண்ணில் நீர்.

ஞாயிறுதோறும் அந்த முடிகளை முள்வாங்கியால் பிடுங்குவது எட்டு வயதான என் உத்தியோகம். "உனுக்குத்தாண்டி கை நடுங்காது" என்று முகத்தை நீட்டுவாள். மூக்கோடு மூக்கு இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்து பிடுங்குவேன். ஒவ்வொரு முடிக்கும் "ஒழிஞ்சுது சனியன்" என்பாள். எனக்குத் தலைகால் புரியாத கர்வம்.

பெரியம்மாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் கூட்டிப் பெருக்கும் வேலை. இரும்புத் தூள்தான் காரணம் என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஒருநாள் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஊருக்கே கண் முகாம் போட்டார்கள். நர்ஸம்மா பெரியம்மாவின் மேலிமையைப் பிடித்து, தலையணை உறையைப் புரட்டுவது போலச் சட்டென்று புரட்டினார். இமைக்கு உள்பக்கம் என்று ஒன்று இருப்பதே அன்றுதான் தெரியும். சிவந்த சதையில் வெள்ளை வெள்ளையாய்த் தழும்புகள்.

"சின்ன வயசுல அடிக்கடி கண்ணுல பீளை தள்ளுமாம்மா?"

"எங்க ஊட்ல எல்லாருக்குந்தான் தள்ளும். அஞ்சு பேருக்கும் ஒரே துண்டு. ஈ வேற மொய்ச்சிக்கினே கெடக்கும்."

"அப்ப ஒட்டுன நோவும்மா இது. அந்தத் தழும்புதான் இமைய உள்ள இழுக்குது. புடுங்கப் புடுங்க மொளைக்கும். ஆபரேஷன் பண்ணலன்னா பார்வை போயிடும்."

பெரியம்மா என்னைக் காட்டி, "அப்ப இவ வேலைக்கு இன்னா பண்றது?" என்றாள்.

திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் இமையின் ஓரத்தை வெளிப்பக்கம் திருப்பித் தைத்தார்களாம். ரவிக்கைத் துணியைப் போல மனுஷத் தோலையும் மடித்துத் தைக்க ஆள் இருக்கிறார்கள் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

தையல் பிரித்த பிறகு வந்த ஞாயிறு, பழக்கதோஷத்தில் முள்வாங்கியோடு போய் உட்கார்ந்தேன். பிடுங்க ஒரு முடிகூட இல்லை. எல்லாம் சமர்த்தாக வெளியே பார்த்து நின்றன. அதிசயம்தான், ஆனால் எனக்கு உள்ளூர ஏமாற்றம். நீர் வற்றிய கண்களோடு பெரியம்மா என் முகத்தைக் கையில் ஏந்தி வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னாடி இது, மூக்கு மேல மச்சம்? எப்ப வந்துச்சு?"

பிறந்ததிலிருந்தே இருக்கும் கடுகளவு மச்சம். இரண்டு வருஷமாக, ஞாயிறு தவறாமல், அவள் கண்ணுக்கு நேராகவே இருந்தது. கேலி செய்கிறாள் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். பாவம், அவளும் கூடவே சிரித்தாள்.