புளியமரத்தடிக் கல்

பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணின் போனில் ஒரு குரங்கு கல்லைத் தூக்கி, குறி பார்த்து, கொட்டையை உடைத்துத் தின்றது. பித்தலாட்ட வீடியோவாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் சுட்ட முந்திரித்தோலின் காரம் எங்கிருந்தோ மூக்கில் ஏறிவிட்டது.

புதுக்கோட்டை ரோட்டில் இன்று பெட்ரோல் பங்க் இருக்கும் இடத்தில்தான், நான் சிறுமியாக இருந்தபோது, முந்திரி உடைக்கும் கொட்டகை இருந்தது. அம்மாவும் ஏழெட்டுப் பெண்களும் வரிசையாக உட்கார்ந்து, தோலின் எண்ணெய் கையைப் புண்ணாக்காமலிருக்க அடிக்கடி சாம்பலைத் தடவிக்கொண்டு, கட்டையால் தட்டித் தட்டிப் பருப்பெடுப்பார்கள். அவர்கள் தொட்ட சொம்பு, கதவு, என் கன்னம் எல்லாவற்றிலும் சாம்பல் விரல்கள் பதிந்திருக்கும். வறுத்த கொட்டை குறைகிறது என்று முதலாளி சொன்ன நாளிலிருந்து, அந்தத் தட்டும் சத்தத்துக்கு நடுவே ஒருவர் மடியை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

பின்பக்கப் புளியமரத்தடியில் உடைத்த தோல்களையும் எண்ணெய்க் கறை படிந்த கல்லையும் கண்டெடுத்துக் காட்டியவள் நான்தான். கொட்டை உடைக்கும் பெண்களில் அங்கே தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர் செல்லம்மா அத்தை மட்டுமே.

“கொரங்கு வேலைங்க, நானே பாத்தேன்” என்று அத்தை முதலாளியிடம் அழுதார்.

“கொரங்குக்குக் கல்லெடுத்து ஒடைக்கத் தெரியுமாக்கும்?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அத்தைக்கு அங்கே வேலை இல்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கும்வரை, என் நினைவையே நம்பாமல், அந்தக் கல்லை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கறுப்பாகக் கறை இருந்தது. சாம்பல் ஒரு பொட்டுக்கூட இல்லை.